அதிபர் இல்லாத தூதரகம்

ஜூன் 9, திங்கள்

காலை ஏழுக்கே வெயில். கொமியூட்டர் ரயிலில் உட்கார இடம். கிள்ளானிலிருந்து சென்ட்ரல் வரை நல்ல தூக்கம். பிரிக்பீல்ட்ஸ் முனைக் கடையில் தே ஓ (பாலில்லாத தேநீர்) ஒன்று கட்டி வாங்கிக்கொண்டு மாடி ஏறினேன்.

புது நோட்டு. பழையதில் எழுதிய விதிகளே இதற்கும்: நாட்டின் பெயர் எழுதுவதில்லை (வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்). தூ. என்றால் தூதர். செ. என்றால் செயலாளர், சின்ன வயசுக்காரர். சின்ன நாடு, சின்னத் தூதரகம், ஒரே ஒரு மாடி. அவர்கள் இருவர், நான், டிரைவர் முத்து. அவ்வளவுதான் ஆட்கள். அவர்களிடம் ஆங்கிலம், இங்கே தமிழில் எழுதிக்கொள்வேன்.

அங்கே சண்டை நடக்கிறது, போன வருடத்திலிருந்து. இங்கே குளிர்சாதனம் சொட்டுகிறது. ஆளைக் கூப்பிட வேண்டும்.

மதியம் கவிதா வந்தாள். சுபாங் ஜெயா பெண், மருந்துக்கடையில் வேலை. எங்கள் நாட்டுப் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். (எங்கள் நாடு! இத்தனை வருடத்தில் வாய் பழகிவிட்டது.) படிக்க வந்து, ஷா ஆலமில் எஞ்சினியராக இருக்கிறான். அவனுக்கு ஏற்கனவே திருமணம் ஆகவில்லை என்று தூதரகம் சான்றிதழ் தர வேண்டும். அது இல்லாமல் இங்கே பதிவு செய்ய முடியாது. பதிவுக்கு முன் அறிவிப்பு வேறு ஒட்டுவார்கள், அதற்கே வாரக்கணக்கு.

“ஆன்டி, ஜூலை பதிமூணு முகூர்த்தம். ஆடி பொறக்கறதுக்குள்ள முடிக்கணும்னு அம்மா ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. இந்த வாரம் கெடச்சிடுமா?”

“கெடச்சிடும்மா. தூதர் ஒரு கையெழுத்துப் போடணும், அவ்வளோதான்.”

வீட்டுக்கு வந்தால் வீட்டுக்காரர் கீபோர்டு வாசித்துக்கொண்டிருக்கிறார். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவருக்கு இப்போது இசை ஆசை. ஒரே வரி, திரும்பத் திரும்ப. கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தார், அதனால் மன்னித்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

அதிபரைப் பிடித்துவிட்டார்கள்.

கொமியூட்டரில் வரும்போதே முத்து போன். “அக்கா, சீக்கிரம் வாங்க. பாஸ் டிவி முன்னாடி நின்னுக்கிட்டே இருக்காரு. உக்காரச் சொன்னா கேக்க மாட்டேங்கறாரு.”

எல்லையில் இருந்த சிப்பாய்களைப் பார்க்கப் போயிருக்கிறார் அதிபர். போக வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்களாம். போன வழியிலேயே வளைத்துக்கொண்டார்கள். எதிரி நாட்டுத் தொலைக்காட்சியில் ஒரு படம்: தலை கலைந்து, சட்டைக் கழுத்து கிழிந்து, இரண்டு பேர் நடுவே.

தூ.வுக்கு அவர் அதிபர் மட்டுமில்லை. ஒரே பள்ளி, ஒரே பெஞ்சு. அவர் சொல்லித்தான் பேராசிரியர் வேலையை விட்டுத் தூதராக வந்தார்.

போன் ஓயவில்லை. மாணவர்கள், கப்பல்காரர்கள், பத்திரிகை. ஒரு பெண் அழுதாள். லைனில் இருந்தேன், அவ்வளவுதான். பத்திரிகைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி: இப்போது உங்கள் அரசாங்கம் யார்?

பத்து மணி வாக்கில் தூ. முகம் கழுவிக்கொண்டு வந்தார். “கதவு திறந்தே இருக்கட்டும். வருகிறவர்களுக்கு உட்கார நாற்காலி போடுங்கள்.”

கையெழுத்து மட்டும் போடவில்லை. எந்தத் தாளிலும்.

சாப்பாட்டு நேரத்தில் முத்து: “அக்கா, இப்ப நம்ம யாருக்கு வேல செய்றோம்?”

“சாப்புடு. அப்புறம் யோசிக்கலாம்.”

அவனுக்குச் சொன்னேனே தவிர எனக்கும் அதே கேள்விதான். குளிர்சாதன ஆள் வந்து பழுது பார்த்துவிட்டுப் போனார். அந்தக் கூச்சலில் அவர் வந்ததே நல்லது; ஒரு வேலையாவது முடிந்தது.

ஜூன் 11, புதன்

வெயில். சாயங்காலம் இடி மட்டும், மழை இல்லை.

தூ. அலமாரியிலிருந்து அரசியல் சட்டப் புத்தகத்தை எடுத்து மேசையில் விரித்துவைத்திருந்தார். அதிபர் இறந்தால், பதவி விலகினால், செயல்பட இயலாமல் போனால், சபாநாயகர் பொறுப்பேற்பார். அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. பிடிபட்டால் என்ன என்று இல்லை. “எழுதியவர்களுக்கு அது தோன்றவே இல்லை” என்றார். “நானும் அதில் ஒருவன். மாணவனாக இருந்தபோது நகல் எடுத்துக் கொடுத்தேன்.”

செ. ஒத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. இயலாமை என்றால் படுக்கையில் கிடப்பது. அதிபருக்கு உயிர் இருக்கிறது, புத்தி இருக்கிறது, பேச முடிகிறது. மக்கள் ஓட்டுப் போட்டு உட்கார வைத்தவரை எதிரி பிடித்துக்கொண்டான் என்பதற்காக நாமும் சேர்ந்து எழுப்பிவிடுவதா?

தூ. புத்தகத்தில் அந்த வரியின்மேல் விரலை வைத்தார். “அவருக்கு வாய் இருக்கிறது. ஆனால் அந்த வாயில் என்ன வரவேண்டும் என்று தீர்மானிக்கிற இடத்தில் அவர் இல்லை. அதுவும் இயலாமைதான்.”

இருவரும் குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தலைநகரில் இரவெல்லாம் கூட்டமாம். ராணுவத் தளபதி தானே பொறுப்பேற்கிறேன் என்றாராம். யார் என்ன செய்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

கவிதாவின் வாட்ஸப்: ஆன்டி, ரெடியா? ஒரு பூ, ஒரு கும்பிடு. நாளைக்குச் சொல்கிறேன் என்று போட்டேன்.

வீட்டில் அவருக்கு இதையெல்லாம் சொல்லிக்கொண்டே பயற்றங்காய் நறுக்கினேன். கேட்டுவிட்டு, “தொறைமுகத்துல போர்மன் வரலேன்னா அடுத்த ஆளு கொடிய எடுத்துக்குவான். கப்பல் நிக்காதுல்ல” என்றார். போர்மனைக் கடத்திக்கொண்டு போய், அவர் வாயாலேயே கப்பலை மூழ்கடிக்கச் சொன்னால்? என்று கேட்டேன். “அப்ப சூசா லா” என்று சிரித்தார். கஷ்டம்தான்.

ஜூன் 12, வியாழன்

சபாநாயகர் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார், டிவியில் பார்த்தோம். பெண்மணி, பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்தவராம். தற்காலிக அதிபர். மண்டபத்தில் மின்சாரம் இல்லை போல, யாரோ கை விளக்கைப் பிடித்திருந்தார்கள். தளபதி பக்கத்தில் நின்று சல்யூட் அடித்தார். தூ. அதைப் பார்த்தபிறகுதான் நாற்காலியில் சாய்ந்தார். “தளபதி அடித்த அந்த சல்யூட்தான் இன்றைக்கு முக்கியம்” என்றார்.

அந்த அம்மாள் பேசியது சின்னப் பேச்சு. அதிபர் திரும்பி வரும்வரை அவருடைய நாற்காலியில் உட்கார மாட்டேன், பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொள்வேன், ஆனால் வேலை நிற்காது என்றாராம்.

தூ. என்னைப் பார்த்து, “மேடம் விஜயா, அந்தக் கல்யாணத் தாளைக் கொண்டுவாருங்கள்.”

கொண்டுபோனேன். அதில் ஒரு சிக்கல். எங்கள் எல்லாத் தாளிலும் தலைப்பில் அதிபரின் பெயரைப் போட்டு, இன்னாரின் பெயரால் என்று அச்சடித்திருக்கிறது. இப்போது யார் பெயரால்? அந்த அம்மாள் பெயரைப் போட்டால் அதிபரைக் கைவிட்டது போல. பழைய பெயரிலேயே போட்டால், நாளைக்கு எதிரி அவர் வாயாலேயே செல்லாது என்று சொல்ல வைத்தால்?

தலைநகருக்குக் கேட்டு அனுப்பினோம். ஆயிரம் வேலைக்கு நடுவில் இதற்கு யார் பதில் போடப்போகிறார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் கிள்ளான் பாசாரில் கெம்போங் மீன், மலிவு.

ஜூன் 13, வெள்ளி

பயந்தது நடந்தது.

அதிபர் பேசும் படம் வெளியிட்டிருக்கிறார்கள். சுத்தமான சட்டை, சவரம் செய்த முகம். போரை நிறுத்துங்கள், ஆயுதத்தைக் கீழே போடுங்கள், வெளிநாட்டுத் தூதரகங்களை மூடி முத்திரைகளை ஒப்படையுங்கள், நானே இன்னும் அதிபர், இது என் உத்தரவு.

செ. முகம் வெளுத்துவிட்டது. “சார், உத்தரவு வந்துவிட்டது.”

“குரல் வந்திருக்கிறது” என்றார் தூ.

பிறகு செ. என்னிடம் தனியாக, தண்ணீர்க் குழாய்ப் பக்கம். அவருடைய அம்மா இருக்கிற ஊர் போன மாதமே எதிரி கைக்குப் போய்விட்டதாம். இன்று காலை அம்மாவிடமிருந்து போன். அம்மா தானாகப் பேசவில்லை, பக்கத்தில் யாரோ சொல்லச் சொல்லப் பேசினாளாம். மகனே, அதிபர் சொல்வதைக் கேள்.

இவ்வளவு நாளும் சட்டம் மட்டும்தான் பேசினார் என்று நினைத்தேன். அவருக்கு சட்டமும் இருக்கிறது, அம்மாவும் இருக்கிறாள். இதைத் தூ.விடம் சொல்லுங்கள் என்றேன். மாட்டேன் என்றார். பிறகு போய்ச் சொன்னார். கதவு மூடியிருந்தது. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது, ஆனால் தோள் இறங்கி, ஆள் லேசாக இருந்தார்.

தூ. சொன்னது இதுதானாம்: இனி எந்தத் தாளிலும் நீ கையெழுத்துப் போடாதே. எல்லாம் நானே போடுகிறேன். யார் கேட்டாலும், எனக்கு அதிகாரம் இல்லை, கிழவன் விட மாட்டேன் என்கிறான் என்று சொல். அது உண்மையாகவும் இருக்கும், உன் அம்மாவுக்கும் ஆபத்து வராது.

நல்ல மனுஷன். இதை எழுதிவைக்கத்தான் இன்றைக்கு நோட்டைத் திறந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

துணி துவைத்தல். மாமரத்தடியில் இலை கூட்டல். கீபோர்டில் அவருக்கு இரண்டாவது வரி வந்துவிட்டது! பக்கத்து வீட்டுச் சீன அம்மா ஆ சோ சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, “வெரி நைஸ் லா, அங்கிள். புது பாட்டா?” என்று கேட்டாள். அவருக்கு ஒரே பெருமை.

கவிதாவின் அம்மா போன். “ஏன்டியம்மா, அங்க அதிபரு இல்லேன்னா, இங்க என் மருமகன் யாருன்னு சொல்ல ஆளே இல்லியா?”

கேள்வி சரியான கேள்வி.

ஜூன் 16, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

பதினோரு மணி இருக்கும். தெரியாத எண். எடுத்து வழக்கம்போல் தூதரகம் என்றேன். ஆண் குரல், ஆங்கிலம், களைப்பு. தூதருடன் பேச வேண்டும். யார் பேசுகிறீர்கள் என்று கேட்டேன், எல்லோரிடமும் கேட்பது போல. பெயரைச் சொன்னார். வெறும் பெயர். தொலைக்காட்சியில் கேட்ட அதே குரல்.

தூ. என்னையும் செ.வையும் அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, ஸ்பீக்கரில் போட்டார். எழுந்து நின்றுதான் பேசினார். அவர்கள் மொழி எனக்குத் தெரியாது. குரல் மட்டும் கேட்டது. பிறகு பதிவுக்காகச் செ. ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். அதனால் தெரியும்.

அதிபர்: தூதரகத்தைப் பூட்டு. முத்திரைகளை, அவர்கள் அனுப்பும் ஆளிடம் கொடு.

தூ.: எங்கிருந்து பேசுகிறாய்?

அதிபர்: சொல்ல முடியாது.

தூ.: அறையில் வேறு யார் இருக்கிறார்கள்?

அதிபர்: அதுவும் சொல்ல முடியாது. இது என் உத்தரவு. உன்னைத் தூதராக்கியவன் நான்.

தூ.: ஆமாம், நீதான் ஆக்கினாய். நீ வீட்டுக்கு வா. உன் மேசையில் உட்கார்ந்து இதே வார்த்தையைச் சொல். அன்றைக்கே பூட்டிச் சாவியைக் கொண்டுவந்து தருகிறேன். அதுவரை நீ சொல்வதை நான் செய்ய முடியாது.

லைனில் மூச்சு மட்டும்.

அதிபர்: நான் கெஞ்சுகிறேன்.

தூ.: தெரிகிறது.

லைன் போய்விட்டது. தூ. போனைப் பார்த்துக்கொண்டே நின்றார். செ. நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார். போன வாரம் அவரோடு வாதாடிய அதே செ.

தட்டச்சு முடிந்ததும் தூ. கேட்டார்: “நான் மறுக்க வேண்டும் என்றுதான் அவன் நினைத்திருப்பான், இல்லையா?”

நாங்கள் இருவரும் ஆமாம் என்றோம். எங்களுக்கு எப்படித் தெரியும்.

சாயங்காலம் நல்ல மழை. சென்ட்ரல் வரை முத்து காரில் கொண்டுவந்து விட்டான். வழக்கமாகப் போடும் ரேடியோவை இன்று போடவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

தலைநகரிலிருந்து பதில்! அந்த அம்மாளே கையெழுத்திட்டு. எல்லாத் தூதரகத்துக்கும் ஒரே வரி: இனி எந்த மனிதரின் பெயரும் வேண்டாம், குடியரசின் பெயரால் என்று போடுங்கள்.

தூ. அதை இரண்டு முறை வாசித்தார். “இவ்வளவு எளிதாக ஒன்று இருக்கிறது பாருங்கள். முதலிலிருந்தே இப்படி இருந்திருக்க வேண்டும்.”

புதுத் தலைப்பை நானே அமைத்தேன். முதல் தாள், கவிதாவின் வருங்காலக் கணவன் கல்யாணம் ஆகாதவன் என்கிற தாள். ஒரு நாடு தலைவர் இல்லாமல் முதன்முதலாகச் சொன்ன விஷயம் அது. தூ. பெரிதாக, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். முத்திரையை நான் குத்தினேன்.

ஜூன் 18, புதன்

கவிதாவோடு பதிவு இலாகாவுக்கு நானும் போனேன். தாள் புதிதாக இருக்கிறதே, கேள்வி வந்தால் சொல்ல ஆள் வேண்டும் என்று தூ. அனுப்பினார்.

முகப்பில் மலாய் அம்மா, இளகின முகம். தாளைப் புரட்டினார். செய்தி பார்த்திருக்கிறார். மலாயில் மெதுவாகக் கேட்டார்: “மன்னிச்சுக்குங்க, இந்த நாடு இன்னும் இருக்கா?”

“இருக்கு” என்றேன். “ஆடா, புவான்.”

தலையசைத்தார். கையெழுத்தைத் தூதரகத்தின் மாதிரியோடு ஒப்பிட்டார். முத்திரையை வெளிச்சத்தில் பார்த்தார். வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்து கவிதா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒரு கிண்ணம் ஐஸ் போட்ட செண்டோல் வாங்கிக் கொடுத்தாள். வெயிலுக்கு என்ன சுகம்.

யோசித்தால், அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு என்ன உரிமை? நான் அந்த நாட்டைப் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் சொன்னபோது பொய் சொல்வது போல இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

கல்யாணம். கிள்ளானில், கோயில் மண்டபம். நான் பச்சைப் பட்டு. அவர் வேட்டி, பெல்ட் போட்டு.

மாப்பிள்ளை வீட்டாரில் ஒருவரும் வர முடியவில்லை, அங்கே விமானமே இல்லை. அதனால் மாப்பிள்ளையின் அப்பா இடத்தில் தூ., தம்பி இடத்தில் செ. ஐயர் சொன்னபடி எல்லாம் செய்தார்கள். தூ. தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்க, கவிதாவின் அம்மா, “இப்படி வாங்க சம்பந்தி, இப்படி வாங்க” என்று கையைப் பிடித்தே இழுத்துப் போனாள். சம்பந்தி என்றால் என்ன என்று பிறகு என்னிடம் கேட்டார். சொன்னேன். அந்த வார்த்தையை ஒரு தாளில் எழுதி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

எதிரி பக்கமிருந்து போன் மறுபடி வரவில்லை. செ.வின் அம்மா உயிரோடு இருக்கிறாள். கிழவன் விட மாட்டேன் என்கிறான் என்பதை நம்பிவிட்டார்கள் போல. செ. தவிலுக்குத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

சாப்பாடு நன்றாக இருந்தது. பருப்பில் உப்பு ஒரு கல் குறைவு.

அக்டோபர் 14, செவ்வாய்

எவ்வளவு நாளாயிற்று எழுதி. தினமும் சாயங்காலம் மழை, துணி காய்வதில்லை. தீபாவளிக் கூட்டம், லிட்டில் இந்தியாவில் நடக்க இடமில்லை.

இடையில் நடந்தது: செ.வின் அம்மா ஆகஸ்டில் ஒரு லோரியில் எல்லை தாண்டி நம் அரசாங்கம் இருக்கிற பக்கம் வந்துவிட்டாள், இப்போது மகளோடு. போர் ஓய்ந்திருக்கிறது, நின்றதா தெரியாது. அந்த அம்மாள் நாட்டை நடத்திக்கொண்டிருக்கிறார், பக்கத்து நாற்காலியில் இருந்தபடியே. இங்கே தாளெல்லாம் குடியரசின் பெயரால் போகிறது. முத்து கூட “நம்ம கவர்மெண்ட்” என்கிறான்.

இன்று கைதிகள் பரிமாற்றம், டிவியில் பார்த்தோம். பாலத்தின் நடுவில். அதிபர் நடந்து வந்தார். மெலிந்து, குச்சி மாதிரி. அந்த அம்மாள் தானே போய்க் காத்திருந்தார், தன் கோட்டைக் கழற்றி அவருக்குப் போர்த்தினார்.

தூ. கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார், செ. அழுதார், நானும். முத்து மட்டும் கைதட்டினான். பிறகு பாத்ரூம் போய்விட்டு ரொம்ப நேரம் கழித்து வந்தான்.

அக்டோபர் 16, வியாழன்

அதிபர் தூ.வைக் கூப்பிட்டார். இந்த முறையும் போனை நான்தான் எடுத்தேன். இந்த முறையும் வெறும் பெயர்தான் சொன்னார்.

முக்கால் மணி நேரம். தூ. வெளியே வந்து என் மேசை எதிரில் உட்கார்ந்தார். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்திருக்கிறது.

அன்றைக்கு எங்களிடம் கேட்ட கேள்வியை அதிபரிடமே கேட்டிருக்கிறார்: நான் மறுக்க வேண்டும் என்றுதானே நினைத்தாய்?

இல்லை என்றாராம் அதிபர். அன்று நிஜமாகவே நீ பூட்ட வேண்டும் என்று நினைத்தேன். பூட்டினால் என்னை விடுவதாகச் சொன்னார்கள். நீ மாட்டேன் என்றபோது உன்னை வெறுத்தேன். ரொம்ப நாள் வெறுத்தேன்.

தூ. முகத்தில் கோபமில்லை, ஆச்சரியம்தான் இருந்தது. “மேடம் விஜயா, பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்த காலத்திலிருந்து அவன் என்னிடம் இவ்வளவு உண்மையாகப் பேசியதில்லை.”

அதிபர் பதவி விலகுகிறார். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டாராம். யாரும் விலகச் சொல்லவில்லை, ஊரே தோளில் தூக்கக் காத்திருக்கிறது. அவர் சொன்ன காரணம்: அந்த அறையில் பேசியது நான்தான். இனி நான் எது சொன்னாலும் ஜனங்கள் ஒரு நிமிஷம் யோசிப்பார்கள், இது இவர் பேச்சா, அவர்கள் பேச்சா என்று. நானும் யோசிப்பேன். அந்த ஒரு நிமிஷத்தை வைத்துக்கொண்டு நாட்டை நடத்த முடியாது. என்னிடமிருந்து அரசாங்கத்தைக் காப்பாற்றினீர்கள். திருப்பிக் கொடுத்துக் கெடுக்காதீர்கள்.

தேர்தல் வரும்வரை அந்த அம்மாளே.

“உங்களுக்கு வருத்தமா சார்?” என்று கேட்டேன்.

யோசித்துவிட்டு, “எனக்கு ஒரு அதிபர் போய்விட்டார். நண்பன் வந்துவிட்டான். பரவாயில்லை” என்றார். பிறகு முறுக்கு இருக்கிறதா என்று கேட்டார். தீபாவளிக்கு நான் சுட ஆரம்பித்தது அவருக்குத் தெரியும்.

நவம்பர் 19, புதன்

நாளைக்குப் பழைய அதிபர் வருகிறார். முதுகுக்கு இங்கே வைத்தியம், தூ. வீட்டில் தங்கல். சாதாரணப் பாஸ்போர்ட். வரவேற்பு, மாலை, போலீஸ் வண்டி எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

முத்து கவலையாக இருக்கிறான். “அக்கா, அவர நான் என்னான்னு கூப்பிடறது? எக்ஸலென்சியா? மிஸ்டர் பிரசிடெண்டா? இப்ப அவரு எதுவுமே இல்லியே.”

தூ.வைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. செ. “சட்டப்படி முன்னாள் அதிபர்” என்று ஆரம்பித்தார், அது கூப்பிடுகிற பெயர் இல்லை என்று அவரே நிறுத்திக்கொண்டார்.

வீட்டில் அவர் கீபோர்டில் முழுப் பாட்டு வாசித்துக் காட்டினார். ஒரு இடத்தில்தான் தடுக்கல்.

நவம்பர் 20, வியாழன்

விமான நிலையத்துக்குத் தூ., முத்து, நான். காலை மழை விட்டு லேசான வெயில்.

கூட்டத்தோடு கூட்டமாக வந்தார். ஒரே பெட்டி, அதையும் தானே இழுத்துக்கொண்டு. உயரமாக இருப்பார் என்று நினைத்திருந்தேன், இல்லை. தூ.வும் அவரும் எதிரெதிரே நின்றார்கள். யார் முதலில் பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நான் தரையைப் பார்த்தேன்.

முத்துதான். நேரே போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டு, ரொம்ப இயல்பாக, “அங்கிள், மக்கான் ஒரெடி?”

அவருக்குப் புரியவில்லை. கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினான். சாப்பிட்டாச்சா?

அவர் முத்துவைப் பார்த்தார். சிரிப்பு மெதுவாக வந்தது. “நோ” என்றார். “நாட் ஒரெடி.”

நேரே பிரிக்பீல்ட்ஸ். வாழை இலைச் சாப்பாடு, தூ. ஒரு பக்கம், முத்து மறுபக்கம். கரண்டி வேண்டாம் என்றுவிட்டார். ரசத்தைக் கையில் ஊற்றச் சொல்லிக் குடித்தார். இன்னொரு முறை கேட்டார்.